மலையகத்துப் பச்சை கறுப்பு வெள்ளையில் என்ன ஆகிறது, தெரியுமா?

அட்டன், நுவரெலியாப் பக்கம் எங்கு திரும்பினாலும் பச்சை! அதைக் கறுப்பு வெள்ளையில் பிடிக்கும் வித்தையில் எத்தனை அதிசயம் பாருங்கள்!

● புகைப்படக் கலையின் முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன் பொகவந்தலாவையில்தான் அடக்கமாகியிருக்கிறார், தெரியுமா? கல்கத்தாவில் பிறந்தவர், கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடி 1875இல் இலங்கை வந்தார். இங்குள்ள மக்களின் முகங்களைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் மறைந்தார்.

● அவர் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும்! அதனால் வானம் வெளுக்கும், இலை இருண்டுவிடும். மருந்து பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆகவேண்டும்!

● சாதாரண டிஜிட்டல் கமராவின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது, தெரியுமா? மற்ற இரண்டும் கணக்குப் போட்டு நிரப்பியவை! கோடக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிறத்திரை ஏற்பாடு இது.

● 2012இல் வந்த லைக்கா எம் மோனோகுரோமில் அந்த நிறத்திரையே கிடையாது! வரும் ஒளியை ஒவ்வொரு புள்ளியும் நேரே அளக்கிறது. லைக்காவின் வண்ணக் கமரா எம்9இன் அடிப்படை ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 160, இதற்கு 320! தேயிலைக் கொழுந்து மொட்டின் மெல்லிய வெண்ரோமம்கூடத் துல்லியமாக விழும்.

● ஆனால் பனிமூட்டத்தில் வெயில் அடிக்கும்போது கவனம்! டிஜிட்டல் கமராவின் சென்சர் ஒளியால் நிரம்பினால் அந்த இடம் வெறும் வெள்ளைதான். எந்த மென்பொருளும் மீட்காது. நெகட்டிவ் பிலிமோ மெல்ல மெல்லத்தான் வெளுக்கும்; ஸ்கேன் செய்தால் மூட்டத்துக்குள் மலை தெரியும்!

● மோனோகுரோம் கமராவில் எந்த நிறம் வெளுக்கும், எது கறுக்கும் என்பதைப் பிறகு மாற்ற முடியாது, தெரியுமா? பிலிமைப் போலவே எடுக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். லென்ஸில் பச்சை பில்டர் போட்டால் இலை வெளுக்கும், சிவப்புச் சேலை கறுக்கும். சிவப்பு பில்டர் போட்டால் எல்லாம் தலைகீழ்!

● ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் வண்ண பிலிமில் அருமையாக வேலை செய்யும். வெள்ளி படிந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பலிக்காது! வெள்ளி அகச்சிவப்பையும் மறைத்துவிடுவதால் படத்தையே தூசி என்று எண்ணிவிடும். ஊதுபந்தும் பொறுமையும்தான் வழி.

லயத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய நெகட்டிவ் கிடக்கிறதா? ஸ்கேன் செய்துவிட்டோம் என்று தூக்கி எறியாதீர்கள்! நாளை வரும் நல்ல ஸ்கேனர் அதிலிருந்து இன்னும் நிறைய எடுத்துத் தரும். டிஜிட்டல் படமென்றால் இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். மலையக மக்களின் முகங்கள் நெகட்டிவிலும் டிஜிட்டலிலும் வாழட்டும்!