அன்றாட வாழ்க்கை அனிமே தொடர்களில் காலமும் தொடர்ச்சியும்

அன்றாட வாழ்க்கை அனிமே என்பது, பெரிய சண்டையோ மர்மமோ இல்லாமல், சாதாரண மனிதர்களின் வழக்கமான நாட்களையே கதையாகக் கொண்ட ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைக் குறிக்கும். ஜப்பானியர் இதனை 'நிச்சிஜோகேய்', அதாவது அன்றாட வகை என்கிறார்கள். பார்ப்பவரின் மனத்தை ஆற்றும் தன்மை மிகுந்த தொடர்களை 'இயாஷிகேய்' என்று தனியே சொல்வதும் உண்டு. பள்ளிக்குப் போவது, மழைக்கு ஒதுங்குவது, விடுமுறை வீட்டுப்பாடத்தைக் கடைசி நாளில் உட்கார்ந்து எழுதுவது ஆகியவையே இவற்றின் நிகழ்ச்சிகள்.

"ஷின்-சானுக்கு ஏன் வயதே ஆகவில்லை? தங்கை பிறந்த பிறகும் அவன் எப்படி அதே ஐந்து வயதில் இருக்கிறான்?" என்பது, அத்தொடரைத் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்த மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. தயாரித்தவர்களின் கவனக்குறைவு என்றும், இத்தகைய தொடர்களுக்குத் தொடர்ச்சியே கிடையாது என்றும் சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. இத்தொடர்களில் காலம் கண்டிப்பான ஒழுங்குடன் நகர்கிறது. அதை அளக்கும் அளவுகோல்தான் வேறு.

பொழுது உண்டு, ஆண்டு இல்லை

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன பெரும்பொழுதுகள். மாலை, யாமம், வைகறை முதலியவை சிறுபொழுதுகள். இவற்றுள் ஆண்டுக்கணக்கு என்று ஒன்று இல்லை. அகப்பாடலின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரும் இல்லை. அவர்கள் மூப்படைவதைப் பற்றி நாம் கவலைப்படுவதும் இல்லை. முல்லைத் தலைவி கார்காலத்து மாலையில் காத்திருக்கிறாள். அது எந்த ஆண்டின் கார்காலம் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அதை முதுவேனில் நண்பகலுக்கு மாற்றிப் பாருங்கள், பாட்டு பாலையின் பக்கம் சாய்ந்துவிடும்.

ஜப்பானியர் இதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. பருவத்தைக் கொண்டு காலத்தைச் சொல்வது பல பண்பாடுகளில் உள்ள பழக்கம். ஜவ்வாது மலையில் மாணவர் சேர்க்கையின்போது குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டால், "சாமை அறுப்புக்குக் கொஞ்சம் முன்ன" என்று பதில் சொல்லும் பெற்றோரை இங்கே பணியாற்றிய ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். பள்ளிப் பதிவேட்டுக்கு அந்தப் பதில் போதாது. கதைக்குப் போதும்.

இத்தொடர்களைப் பார்க்கும் மாணவர்கள் வசனத்தைவிடப் பின்னணியைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில், செர்ரிப் பூக்கள் உதிரும் நாட்களில் தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் மாணவர்கள் கோடைச் சீருடைக்கும், அக்டோபரில் மீண்டும் குளிர்காலச் சீருடைக்கும் மாறுகிறார்கள். சில்வண்டுகளின் இரைச்சல் கேட்டால் அது கோடை விடுமுறை. கோயிலுக்கு முன் கூட்டம் நின்றால் பெரும்பாலும் புத்தாண்டு. பட்டமளிப்பு மார்ச்சில். ஒருவர் சட்டையின் கை நீளத்தைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். எந்த ஆண்டு என்பதை மட்டும் சொல்ல முடியாது.

வயது ஏறாத குடும்பங்கள்

இதன் மூத்த எடுத்துக்காட்டு 'சசாயே-சான்'. ஹசெகாவா மச்சிகோ 1946-ல் நாளிதழ்ச் சித்திரத் தொடராகத் தொடங்கியது இது. அசைவூட்டத் தொடராக 1969 அக்டோபர் 5 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கி, இன்றும் ஞாயிறு மாலைகளில் வருகிறது. உலகின் மிக நீண்டகால அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர் என்ற கின்னஸ் சாதனை இதற்கு உண்டு. கதைநாயகி சசாயேவுக்கு வயது 24. தம்பி கட்சுவோ ஐந்தாம் வகுப்பு. மகன் தாராவுக்கு 3 வயது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலமும் கோடையும் புத்தாண்டும் அந்த வீட்டுக்கு வந்து போகின்றன, ஆனால் கட்சுவோ ஆறாம் வகுப்புக்குப் போகவே இல்லை. தொடக்கம் முதல் சசாயேவுக்குக் குரல் கொடுத்துவரும் மிதோரி கத்தோ எண்பது வயதைக் கடந்துவிட்டார்.

இப்படி நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. சசாயேயின் தந்தை நமிஹெய்க்கு வயது 54. தலையில் ஒற்றை முடி, வீட்டில் கிமோனோ, நடையில் தாத்தாக்களின் தோரணை. தொடர் உருவான நாட்களில் ஜப்பானில் பணி ஓய்வு வயது பொதுவாக 55 என்பதால் அது இயல்பாக இருந்தது. இன்று 54 வயதுக்காரர் எவரும் அப்படி இருப்பதில்லை. நமிஹெய் மாறவில்லை. அவரைச் சுற்றியிருந்த நாடு மாறிவிட்டதால், அவர் தாமாகவே பழங்காலத்து மனிதராகிவிட்டார்.

தமிழில் இதற்கு இணை தேடினால் அப்புசாமியும் சீதாப்பாட்டியும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் எழுதிய ஜ. ரா. சுந்தரேசன் 1963-ல் குமுதம் இதழில் அவர்களை அறிமுகப்படுத்தினார். ஓவியர் ஜெயராஜ் முகம் கொடுத்தார். சிறுகதைகளாகவும் தொடர்கதைகளாகவும் பல பத்தாண்டுகள் அவர்கள் வாழ்ந்தார்கள். 1963-ல் அப்புசாமிக்கு எழுபது வயது என்று வைத்துக்கொண்டால், 2000-ல் அவர் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். வாசகர் யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு கதையில் பட்ட அவமானம் அடுத்த கதையில் அப்புசாமிக்கு நினைவிருக்காது. ஆனால் சீதாப்பாட்டி பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி என்பதும், அப்புசாமியின் கையில் காசு தங்காது என்பதும், ரசகுண்டும் பீமாராவும் அவருக்குத் துணை நிற்பார்கள் என்பதும் எந்தக் கதையிலும் மாறாது. நிகழ்ச்சிகள் மறக்கப்படும், குணமும் உறவும் மறக்கப்படா. தொடர்ச்சி அங்கேதான் இருக்கிறது. (தேவனின் துப்பறியும் சாம்பு இதற்கு நேர் எதிர், கதைகள் போகப் போகச் சாம்புவுக்குத் திருமணம் ஆகிறது, மகனும் பிறக்கிறான்.)

இதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. வார இதழை எந்த வாரமும் புதியவர் ஒருவர் கையில் எடுக்கலாம். முந்தைய இதழைப் படிக்காதவருக்கும் கதை புரிய வேண்டும். 'டோரேமான்' இன்னும் தெளிவான சான்று. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் அந்தச் சித்திரக்கதை, ஷோகாகுகான் நிறுவனம் வெவ்வேறு வயதுக் குழந்தைகளுக்கு வெளியிட்ட மாத இதழ்களில் ஒரே சமயத்தில் வெளிவரத் தொடங்கியது. குழந்தை அடுத்த வகுப்புக்குப் போனால் அடுத்த இதழுக்கு மாறிவிடும். வாசகர் வளர்ந்து நகர்ந்துகொண்டே இருந்ததால் நோபிடா வளர வேண்டிய தேவை எழவில்லை. 1974 மார்ச் மாதத்தில் டோரேமான் விடைபெறும் கதை வந்தது, ஏப்ரலில் அவன் திரும்பி வரும் கதை வந்தது. கல்வியாண்டின் முடிவும் தொடக்கமுமே அந்த இரு மாதங்கள்.

இப்போது ஷின்-சானுக்குத் திரும்பலாம். யோஷிதோ உசுயின் சித்திரக்கதை 1990-லும் அசைவூட்டத் தொடர் 1992-லும் தொடங்கின. தங்கை ஹிமாவரி 1996-ல் பிறக்கிறாள். அதன் பிறகு அவள் எல்லாக் கதைகளிலும் இருக்கிறாள், ஆனால் கைக்குழந்தையாகவே இருக்கிறாள். ஆசிரியை யோஷினாகாவுக்குத் திருமணமும் நடக்கிறது. ஆக, இத்தொடரில் நடந்தவை நடந்தவையே, எதுவும் அழிக்கப்படுவதில்லை. வயது மட்டும் கூட்டப்படுவதில்லை. நினைவையும் வயதையும் இரண்டு தனித்தனிக் கணக்குகளாக வைத்திருப்பதால்தான் மாணவர்களுக்குக் குழப்பம் ஏற்படுகிறது.

வகுப்பு மாறும் தொடர்கள்

எல்லாத் தொடர்களும் காலத்தை நிறுத்துவதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவியரின் இசைக்குழுவைப் பற்றிய 'கே-ஆன்!' தொடரின் முதற்பருவம் 2009-ல் வந்தது. அதன் 12 முதன்மைப் பகுதிகளில் இரண்டு கல்வியாண்டுகள் ஓடிவிடுகின்றன. 2010-ல் வந்த இரண்டாம் பருவமோ, கடைசி ஓராண்டுக்கு மட்டும் 24 பகுதிகளை எடுத்துக்கொள்கிறது. பிரிவு நெருங்க நெருங்கக் காலம் மெதுவாகிறது. மூத்தவர்கள் நால்வரும் பட்டம் பெற்றுப் போக, ஒரு வகுப்பு இளையவளான அசுசா மட்டும் பள்ளியில் எஞ்சுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களைக் கடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

வேறு சில சோதனைகளும் உண்டு. செவ்வாய்க் கோளில் நடக்கும் 'ஆரியா' தொடரில் ஓராண்டுக்கு 24 மாதங்கள். ஒவ்வொரு பருவமும் இரு மடங்கு நீள்கிறது. அஷினானோ ஹிதோஷியின் 'யோகோஹாமா கைதாஷி கிகோ' சித்திரக்கதையில் ஆல்ஃபா என்ற இயந்திரப் பெண் மூப்படைவதில்லை, அவளைச் சுற்றியுள்ள சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி ஊரைவிட்டுப் போகிறார்கள்.

ஒரே ஆண்டு மூன்று முறை

இக்கட்டுரையாளரின் கருத்தில், இவ்வகையில் காலத்தை மிக நுட்பமாகக் கையாண்டது 'நோன் நோன் பியோரி'. அத்தோ என்பவரின் சித்திரக்கதையைத் தழுவியது. மலைசூழ்ந்த கிராமம். பள்ளியில் மொத்தம் ஐந்து மாணவர்கள், ஒரே வகுப்பறை. ரெங்கே முதல் வகுப்பு. டோக்கியோவிலிருந்து வந்த ஹோதாரு ஐந்தாம் வகுப்பு. நத்சுமி, கொமாரி, சுகுரு ஆகிய மூவரும் நடுநிலை வகுப்புகள். ஆசிரியை கசுஹோ, ரெங்கேயின் அக்கா. பாதி நேரம் மேசையில் தூங்கிவிடுவார். (அதைப் பின்பற்ற வேண்டாம்.) ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்கு இந்த வகுப்பறை அந்நியமாகத் தோன்றாது. பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும், போளூரிலிருந்து மலையேறும் நம்மவர்களுக்குப் புதிதல்ல.

2013-ல் வந்த முதற்பருவம் ஓராண்டைச் சுற்றி மீண்டும் வசந்தத்தில் முடிகிறது. 2015-ல் வந்த இரண்டாம் பருவம் அடுத்த ஆண்டுக்குப் போவதில்லை. அதே ஆண்டின் தொடக்கத்துக்கு, ஹோதாரு ஊருக்கு வருவதற்கும் முந்தைய நாளுக்குத் திரும்பி, முன்பு காட்டப்படாத நாட்களைச் சொல்கிறது. 2021-ல் வந்த மூன்றாம் பருவமும் அதே ஆண்டுக்குள்தான் நடக்கிறது. முதற்பருவத்தின் நான்காம் பகுதியில், கோடையில் கிடைத்த தோழி சொல்லாமலே ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று ரெங்கே அறிகிறாள். அவள் முகத்தின் மேல் காட்சி அசையாமல் நெடுநேரம் நிற்கிறது. கண்ணீர் திரள்வது வரை யாரும் பேசுவதில்லை. ஆறு வயதில் ஒரு கோடை எவ்வளவு நீளம் என்பதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன.

ஏன் அதே ஆண்டையே சுற்றிவர வேண்டும்? காலம் நேராக ஓடினால் அந்தப் பள்ளி என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். மூத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள், ரெங்கே தனியாக நிற்பாள். ஜப்பானில் குழந்தைகள் குறைந்ததால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. இத்தொடரின் பள்ளிக்கு மாதிரியாக அமைந்த, சைத்தாமா மாநிலம் ஒகாவா ஊரின் பழைய மரக்கட்டடமும் மூடப்பட்ட ஒரு கிளைப்பள்ளியே. திரையில் அந்த ஐந்து பேர் மூன்று முறை அதே வசந்தத்தைக் கண்டார்கள். கட்டடத்தில் பாடம் நடப்பது அதற்கு முன்பே நின்றுவிட்டது.

மூன்றாம் பருவத்தின் கடைசிப் பகுதியில்தான் ஆண்டு உண்மையாகவே முடிகிறது. சுகுரு பட்டம் பெற்றுப் போகிறான். ரெங்கே இரண்டாம் வகுப்புக்குச் செல்கிறாள். அவள் இருந்த முதல் வகுப்பில் ஷியோரி என்ற சிறுமி வந்து சேர்கிறாள். ஒருவர் போய் ஒருவர் வந்ததால் வகுப்பறையில் மறுபடியும் ஐந்து பேர்.