சுருள்பாசி: சரக்கு நல்லது, சொல் அளவாக இருக்கட்டும்

ஸ்பைருலினா எனும் சுருள்பாசி மாத்திரை ஓசூர், கிருஷ்ணகிரி கடைகளிலும் விற்பனையாகும் சரக்கு. இது நீலப்பச்சைப் பாசி இனம். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இதைத் தொட்டி கட்டி வளர்த்திருக்கிறார்கள்.

இதிலுள்ள நீல நிறப்பொருள் பைகோசயனின். உடலின் செல்களை அரிக்கும் ஆக்ஸிஜன் கழிவுகளை அடக்கும் குணம் அதற்கு உண்டு. நமக்கு அடுத்துள்ள பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பைகோசயனினை முன்கூட்டியே ஊசியில் செலுத்திய எலிகளுக்கு, கார்பன் டெட்ராகுளோரைடு நச்சால் வரும் ஈரல் கேடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது எலிக்கு, ஊசியில் நடந்த சோதனை. காமாலைக்கு மாத்திரை மருந்தாகிவிடாது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில வருடங்களுக்கு முன் 'ஈரல் நோய் தீரும்' என்று அச்சிட்ட டப்பாக்களைப் பில் இல்லாமல் வாங்கி விற்றோம். ஆலைத் தொழிலாளி ஒருவர் காமாலைக்கு அதையே மூன்று வாரம் தின்றுவிட்டுத் தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்து, "நீங்க சொன்னதாலதானே சாப்பிட்டேன், ஐயா" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று. குளங்களில் படரும் இதே இனப் பாசிகள் சில, ஈரலையே தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சைச் சுரக்கும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், அந்த நஞ்சு கலந்த நீரால் டயாலிசிஸ் நோயாளிகள் 50 பேர் அளவில் இறந்தனர்.

எனவே பில், உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' எனும் வாசகம், நச்சுப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றைப் பார்த்தே கொள்முதல் செய்வோம். காமாலை என்று வருபவரை முதலில் டாக்டரிடம் அனுப்புவோம். போன லாபம் திரும்ப வரும். போன பெயர் வராது.