சுதையும் கண்ணாடியும்: இஸ்லாமிய உலகின் வண்ணச் சாளரங்கள்

திருக்குர்ஆன் கண்ணாடியைப் பற்றிப் பேசும் இடங்களுள் இரண்டு நம் சிந்தனைக்குரியன. அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம், இறை ஒளிக்கு உவமை கூறுகையில் மாடக்குழியையும், அதனுள் விளக்கையும், விளக்கைச் சூழ்ந்த கண்ணாடியையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. அந்நம்ல் அத்தியாயத்தின் 44ஆம் வசனமோ, சுலைமான் நபி (அலை) அவர்களின் மாளிகையில் பளிங்குபோல் அமைந்த கண்ணாடித் தளத்தை ஸபா நாட்டு அரசி நீர்ப்பரப்பென எண்ணியதை எடுத்துரைக்கின்றது. முன்னதில் கண்ணாடி ஒளியைத் துலங்கச் செய்கின்றது. பின்னதில் கண்ணை மயங்கச் செய்கின்றது. இவ்விரு இயல்புகளையும் அறிந்தே முஸ்லிம் கலைஞர்கள் பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் வண்ணக் கண்ணாடியைக் கையாண்டனர்.

வண்ணக் கண்ணாடிச் சாளரம் என்றவுடன் படித்தவர் மனத்தில் முதலில் தோன்றுவது பிரான்சின் சார்ட்ர் போன்ற பேராலயங்களே. பள்ளிவாசலில் அத்தகைய சாளரத்தைக் காண்போருள் சிலர், இது தேவாலயத்தைப் பார்த்துச் செய்ததன்றோ எனத் தயங்குவதும் உண்டு. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இத்தயக்கத்திற்கு இடமில்லை என்பது விளங்கும்.

ஒரே காலத்தில் வளர்ந்த இரு மரபுகள்

இங்கிலாந்தின் வடபகுதியில் கி.பி. 674இல் நிறுவப்பெற்ற மங்க்வேர்மத் மடாலயத்திற்குச் சாளரக் கண்ணாடி அமைக்க, இன்றைய பிரான்சு அடங்கிய கோல் நாட்டிலிருந்து வினைஞர் வரவழைக்கப்பட்டனர். மேற்கு ஐரோப்பிய மரபின் தொன்மையான சான்றுகளுள் இதுவும் ஒன்று. அடுத்த நூற்றாண்டின் முற்பாதியில், ஜெரிக்கோ நகருக்கு அருகே உமையாக்கள் எழுப்பிய கிர்பத்துல் மஃப்ஜர் மாளிகையில் சுதையில் பதித்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இருந்தன. கி.பி. 749இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அம்மாளிகை சிதைந்தது. அகழாய்வில் அச்சாளரங்களின் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆகவே ஒன்று மற்றொன்றின் நகல் அன்று. ரோமானியரின் கண்ணாடித் தொழிலிலிருந்து கிளைத்த இரு மரபுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தன என்பதே பொருத்தம்.

கொடுக்கல் வாங்கலில் முஸ்லிம்களின் பங்கும் சிறிதன்று. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின்மேல் பூசிச் சூளையில் சுட்டால், மஞ்சள் நிறம் கண்ணாடிக்குள்ளேயே ஊறி நிலைத்துவிடும். எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் கோப்பையில் இவ்வகை வேலைப்பாடு காணப்படுகின்றது. கி.பி. 773இல் எகிப்தின் ஆளுநராயிருந்த அப்துஸ் ஸமதின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கெய்ரோவிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் அது காக்கப்படுகின்றது. ஐரோப்பிய ஆலயச் சாளரங்களில் இம்மஞ்சள் தோன்றியது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

ஈயமும் சுதையும்

இரு மரபுகளையும் பிரித்துக் காட்டுவது கண்ணாடியன்று. கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் பொருளேயாகும். ஐரோப்பியர் கண்ணாடித் துண்டுகளை மெல்லிய ஈயப் பட்டைகளால் இணைத்துப் பற்றவைத்தனர். ஈயம் எளிதில் வளையும். ஆதலால் மனித உருவையும் ஆடையின் மடிப்பையும் அதனைக் கொண்டு வரைய முடிந்தது. முஸ்லிம் கலைஞர்கள் தேர்ந்தது ஜிப்சம் கல்லைச் சுட்டுப் பொடித்துப் பெற்ற சாந்து.

அச்சாந்தை நீர்விட்டுக் குழைத்து, மரச்சட்டத்தினுள் ஊற்றிப் பலகையாக வார்ப்பர். அது இறுகியதும் வடிவங்களை அதன்மேல் வரைந்து, முற்றிலும் உலர்ந்து கெட்டிப்படுமுன் கத்தியால் துளைகளைக் குடைவர். குடைவு நேராகச் செல்வதில்லை. சாளரம் உயரத்தில் அமைவது; காண்பவர் கீழே நிற்பவர். ஆதலால் துளையின் சுவர்கள் கீழிருந்து நோக்கும் கண்ணை நோக்கிச் சரிவாகச் செதுக்கப்படும். பின்னர்த் துளைகளின் பின்புறத்தில் கண்ணாடித் துண்டுகளை வைத்து, விளிம்புகளைச் சாந்தால் அடைப்பர். கண்ணாடிக்கு நீலம் தருவது கோபால்ட். பச்சை தருவது செம்பு. ஊதா தருவது மாங்கனீசு.

தடித்த சுதை வெயிலின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது. சரிந்த துளையின் வழியே நுழையும் ஒளி, வெண்சுதையின் சுவர்களில் பட்டுத் தெறித்துத் தணிகின்றது. கண்ணைக் கூசச் செய்யும் பாலை நாட்டு வெயிலுக்கு ஏற்ற அமைப்பு இது. உருவம் வரைதலைத் தவிர்த்த வழிபாட்டிடத்திற்குக் கொடியும் மலரும் வடிவியல் பின்னலும் எழுத்துமே போதுமானவையாய் இருந்தன.

ஜிப்சத்திற்கு ஒரு குறையுண்டு. மழை நீரில் அது மெல்லக் கரையும். உதுமானியர் இதற்கு வழி கண்டனர். 1550 முதல் 1557 வரை கட்டப்பெற்ற இஸ்தன்பூலின் சுலைமானிய்யா பள்ளிவாசலில் உள்ளதுபோல, சாளரத்தை இரண்டடுக்காக அமைத்தனர். மழையையும் காற்றையும் தாங்கும் வெளியடுக்கில் நிறமற்ற கண்ணாடி. உள்ளடுக்கில் வண்ணக் கண்ணாடி.

நிலவின் பெயர் தாங்கிய சாளரம்

அரபு மொழியில் இச்சாளரங்களுக்கு ஷம்ஸிய்யா என்றும் கமரிய்யா என்றும் பெயர்கள் வழங்குகின்றன. ஷம்ஸ் கதிரவன், கமர் நிலவு. ஸபா அரசியின் நாடெனக் கருதப்படும் யமனில் கமரிய்யா இன்றும் வீட்டின் உறுப்பு. ஸன்ஆ நகரின் பழைய அடுக்கு வீடுகளில், திறந்து மூடும் சாளரத்தின் தலைமேல் அரைவட்டமாக இது அமைகின்றது. கீழ்ச்சாளரம் காற்றுக்கு, மேற்சாளரம் ஒளிக்கு. முற்காலத்தில் ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல்லை மெல்லிய தகடாக அறுத்துப் பதித்தனர். நிலவொளி போன்ற அதன் வெண்மையே பெயருக்குக் காரணம் என்பர். பின்னர் அவ்விடத்தைச் சுதையும் வண்ணக் கண்ணாடியும் பெற்றன. பகலில் அறைக்குள் விழும் நிறம், இரவில் வீட்டு விளக்கொளியால் தெருவுக்கு உரியதாகின்றது.

1986இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகர், போரின் காரணமாக 2015இல் ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதக் குண்டுவீச்சில் பழைய வீடுகள் சில தரைமட்டமாயின. 2020இன் பெருமழை மேலும் பல வீடுகளைச் சாய்த்தது.

பைத்துல் முகத்தஸின் நிலையும் இதுவே. 1969 ஆகஸ்டு 21 அன்று மூட்டப்பட்ட தீ, அல்அக்ஸா பள்ளிவாசலில் நூருத்தீன் ஸன்கீ செய்வித்த மிம்பரை அழித்தது. 2022 ஏப்ரலில் பள்ளிவாசல் வளாகத்தில் நிகழ்ந்த மோதல்களின்போது அதன் வண்ணச் சாளரங்கள் சில உடைந்தன. உடைப்பதற்கு ஒரு நொடி போதும். ஒரு சாளரத்தைச் செதுக்கி முடிக்க மாதங்கள் ஆகும். வக்ஃபின் கைவினைஞர்கள் அப்பணியை இன்றும் பழைய முறையிலேயே செய்கின்றனர். அக்கைத்திறன் அவர்களிடம் எஞ்சியிராவிடில், இழந்ததை மீட்க எப்பொருட்செலவும் உதவாது.

தொழுபவரும் சாளரமும்

அலங்காரத்திற்கு எல்லை எது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேலைப்பாடு மிக்க மேலாடை ஒன்றை அணிந்து தொழுதபோது, அதன் கோலங்கள் கவனத்தை ஈர்த்ததால் அதனை அபூ ஜஹ்மிடம் அனுப்பிவிட்டு, அவருடைய எளிய ஆடையைப் பெற்றுவரச் சொன்ன நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. உதுமானியப் பெரும் பள்ளிவாசல்களில் வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் மேல்வரிசைகளில் அமைந்து, கீழ்வரிசைச் சாளரங்கள் எளிமையாய் இருப்பதை இந்நோக்கில் கருதிப் பார்க்கலாம். நின்றாலும் பணிந்தாலும் தொழுபவரின் பார்வை தாழ்ந்தே இருக்கும். நிறம் தலைக்குமேல் நிற்கும். 1888இல் முடிவுற்ற ஷீராஸின் நாஸிருல் முல்க் பள்ளிவாசல் இதற்கு விலக்கு. அங்கு மரச்சட்டத்தில் பதித்த கண்ணாடிகள் தரையளவும் இறங்கி, காலை வெயிலில் விரிப்புகளை நிறத்தால் நிரப்புகின்றன. நிழற்படங்களால் உலகறிந்தது அதுவேயாயினும், பொதுமரபாக அதனைக் கொள்ளுதல் தகாது.

நம் ஊர்களில் புதிய பள்ளிவாசலோ இல்லமோ எழுப்புவோர் இதிலிருந்து கற்கத்தக்கது உண்டு. அச்சிட்ட வண்ணத்தாளைக் கண்ணாடியில் ஒட்டினால் வெயிலில் அது சில ஆண்டுகளில் வெளுக்கும். ஒளியைத் தணிக்கும் ஆழமும் அதற்கு இராது. வண்ணச் சாளரத்திற்கு வசதியில்லையெனில் வண்ணமே வேண்டியதில்லை. கி.பி. 879இல் முடிவுற்ற கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலில் 128 சாளரங்கள் சுதைப் பின்னலால் மட்டுமே ஒளியை வடிக்கின்றன. 1573இல் கட்டப்பெற்ற அகமதாபாத்தின் சீதி சையித் பள்ளிவாசலில் கல்லில் செதுக்கிய சல்லடைச் சாளரங்களே அப்பணியைச் செய்கின்றன. எனவே சாளரத்தின் வரைபடத்தைக் கையில் வாங்குமுன், இவ்விடத்தில் தொழுபவருக்கு எவ்வளவு ஒளி, எத்திசையிலிருந்து, எவ்வுயரத்தில் வேண்டும் என்பதை முதலில் வினவுதல் நன்று. நிறத்தைப் பற்றிய பேச்சு அதன்பின் வந்தால் போதும்.