பிளஸ் ஏன் மண்ணுக்கு?

மட்டக்களப்பு வாவியோரத்துத் தொலைபேசிக் கோபுரங்களுக்கும் உலக வழக்கம்தான்: 48 வோல்ட் டீசி, அதில் எர்த்தோடு பூட்டுவது பிளஸ் முனையை. காரில் இதற்கு நேர்மாறு.

காரணம் ஈரம். காப்பு வெடித்த வயரிலிருந்து உப்பு ஈரத்தின் வழியே கொஞ்சம் மின் கசியும். ஈரத்துக்குள் மின்னோட்டம் எந்த உலோகத்திலிருந்து இறங்குகிறதோ, அதுதான் கரையும். வயர் பிளஸாக இருந்தால் செம்பு பச்சை பூத்து அறுந்துபோகும். மைனஸாக இருந்தால் அது தப்பும். தேய்வது தடித்த எர்த் கம்பி. தந்திக் காலத்துப் பாடம் இது.

வில்லங்கம், தொழிற்சாலை வயர்லெஸ் கருவியை அங்கே பூட்டும்போதுதான். சில கருவிகளில் மைனஸ், இரும்புக் கூட்டோடு சேர்ந்திருக்கும். கூட்டை எர்த் செய்த கணமே ஷோர்ட்! ஆகவே முதலில் மீட்டரின் ஒரு முனையை மைனஸிலும் மற்றதைக் கூட்டிலும் வையுங்கள். ‘பீப்’ கேட்டால், உள்ளீடும் வெளியீடும் பிரிந்த டீசி மாற்றி ஒன்று இடையில் கட்டாயம் வேண்டும்.