அடுத்த வீட்டில் இருக்கும் அம்மா

திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோயிலுக்குக் கீழவாசல் வழியாகப் போகிறவர்கள் பட்டினத்தாரைப் பார்க்காமல் உள்ளே போவதில்லை. மேலவாசலில் அவருடைய சீடர் பத்திரகிரியார் இருக்கிறார். குருவும் சீடருமாக ஆளுக்கொரு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. கீழவாசல் சந்நிதியில் திருநீறு வாங்கிக்கொள்ளும்போது, சமீபத்தில் அம்மாவைப் பறிகொடுத்தவர்கள் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டுப் போவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர். இந்த ஊர்ச் சிவனே மருதவாணர் என்ற பெயரில் அவர் வீட்டில் பிள்ளையாக வளர்ந்து, ஒருநாள் காதில்லாத ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு மறைந்துபோனார் என்கிறது கதை. அதோடு கப்பல், பொன், மனைவி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு கிளம்பினார். அம்மாவை மட்டும் அவரால் விட முடியவில்லை. எங்கே இருந்தாலும் கொள்ளி வைக்க வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அம்மாவின் இடுப்பில் ஒரு முடிச்சைக் கட்டிவிட்டுப் போனாராம். முடிச்சு அவிழ்ந்த அன்று மகன் சுடுகாட்டில் வந்து நின்றார். அடுக்கியிருந்த விறகைத் தள்ளிவிட்டு, பச்சை வாழைமட்டையை அடுக்கி, பத்துப் பாட்டுப் பாடினார். மட்டை பற்றிக்கொண்டது.

அந்தப் பத்துப் பாட்டையும் தமிழ்நாட்டுச் சாவு வீடுகள் இன்னும் விடவில்லை. 1962-ல் வந்த ‘பட்டினத்தார்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராகவே நடித்துப் பாடினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் காதிலும் பட்டினத்தார் பாட்டு விழுந்தது அந்தக் குரலில்தான். இன்றைக்கும் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டியதும் அவர் குரல் கேட்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் அந்தப் பாட்டுகளில் பேசுகிறவர் மகன். சுமந்தது, பெற்றது, பாலூட்டியது, தோளில் போட்டுத் தூங்கவைத்தது என்று அம்மா தனக்குச் செய்ததைச் சொல்லி அழுகிறார். அந்த அம்மாள் யாரோடு உட்கார்ந்து கதை பேசினார், எதற்குச் சிரிப்பார், மகன் போனபின் எந்த வீட்டுத் திண்ணையில் பொழுதைக் கழித்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எந்தப் பிள்ளைக்கும் அம்மாவின் அந்தப் பாதி அவ்வளவாகத் தெரியாது. அது தெரிந்தவர்கள் சாவு வீட்டுக் கூடத்தில், தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்.

காவிரிக்கரை ஊர்களில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். எடுக்கும்வரை அக்கம்பக்கத்து வாசல்களிலும் கோலம் விழாது. குழந்தைகளுக்குப் பாலும் இட்லியும் அடுத்த வீட்டிலிருந்து வரும். சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர் ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், எதிர்வீட்டு அம்மாள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போய், நாலு வாய் போட்டுக்கொள்ள வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சாம்பிராணி எங்கே, பழைய வெள்ளை வேட்டி எங்கே, பத்திரப் பெட்டிச் சாவி எங்கே என்று ஒன்றும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவளுக்கும் அது இன்னொரு வீடு.

பிறந்த வீட்டுக் கோடி வந்து இறங்கும்போது ஒப்பாரி ஏறும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். தாயை இழந்தவள் “என்னப் பெத்த அம்மா” என்று ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவள் தான் எப்போதோ பறிகொடுத்த தன் தாயை நினைத்துச் சேர்ந்துகொள்வாள். செத்தவள் வாக்கப்பட்டு வந்த கதை, அண்ணன் தம்பி சீர் செய்ய மறந்தது, அறுப்புக்கூலி நெல்லில் சிறுவாடு சேர்த்து மூக்குத்தி வாங்கியது எல்லாம் அந்த அழுகையில் வெளியே வரும். மகன் வாசலில் பாடைக் கழியைப் பார்த்தபடி நிற்பான். உள்ளே அவன் அம்மாவின் சரித்திரம் ராகம் போட்டுச் சொல்லப்படும். ஒப்பாரியைக் கூலிக்கு அழுவது என்று ஒதுக்குகிறவர்கள், ஒருமுறை அந்தக் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்க வேண்டும்.

பெற்றால்தான் அம்மா என்றும் இந்த மண் நினைத்ததில்லை. கும்பகோணத்துக்குத் தென்மேற்கே, பட்டீஸ்வரம் பக்கத்தில், இராமநாதன்கோயில் என்று ஒரு சிற்றூர். சோழர்கள் வாழ்ந்த பழையாறை வட்டாரம் அது. அங்கே இருக்கிற சின்னக் கற்கோயிலைக் கல்வெட்டு ‘பஞ்சவன் மாதேவீச்சரம்’ என்கிறது. பள்ளிப்படை என்றும் சொல்கிறது. இறந்தவரின் நினைவாக எழுப்பும் கோயில்தான் பள்ளிப்படை. பஞ்சவன் மாதேவி ராஜராஜனின் தேவியருள் ஒருவர். கோயிலை எடுத்தவன் ராஜேந்திர சோழன்; அவர் வயிற்றில் பிறந்தவன் இல்லை, அவருக்கு மாற்றாள் மகன். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை வானுயர எழுப்பியவன் சிற்றன்னைக்கு எடுத்த கோயிலைப் பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். அவர் அவனுக்கு என்ன செய்தார், எப்படி வளர்த்தார் என்று கல் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கல்லில் வெட்டவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பெரிய கோயிலைவிட இந்தச் சின்னக் கோயில் முன்னால்தான் ராஜேந்திரனை நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளையாகப் பார்க்க முடிகிறது.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாடு. அங்கே இருக்கும் முக்தாம்பாள் சத்திரமும் ஒரு பெண்ணின் நினைவுதான்; தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டியது. முக்தாம்பாள் அவருடைய பிரியத்துக்குரிய துணை. சாகும் தறுவாயில் முக்தாம்பாள் கேட்டது தன் பெயரில் ஒரு அன்னசத்திரம் என்கிறார்கள். சத்திரம் என்றால் சாப்பாட்டோடு முடிந்த காரியம் இல்லை. சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வர யாத்திரைக்காரர்களுக்கு அங்கே சோறு போடுவதையும், நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதையும், கர்ப்பிணிகளையும் அநாதைக் குழந்தைகளையும் கவனித்துக்கொள்வதையும் அதில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் என்று, இந்தப் பக்கத்துச் சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்கள் பெயர்தான். வழிப்போக்கன் ஒருவன் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கும்போது, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போனான்.

குருவையும் நண்பரையும் நினைத்துக்கொள்வதற்கும் இதே வட்டாரத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ‘திருவிடைமருதூர் உலா’ பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல் திருவாவடுதுறையில் காலமானார். அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் அவர் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934-ல். இடையில் ஐம்பத்தேழு வருஷம். கும்பகோணம் கல்லூரியில் தனக்கு வேலை கிடைக்க வழிசெய்த தியாகராச செட்டியாரையும் அவர் மறக்கவில்லை. சென்னைத் திருவேட்டீஸ்வரன்பேட்டையில் தாம் குடியிருந்த வீட்டுக்கே ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்தார்.

அரண்மனையும் அச்சகமும் இல்லாத வீடுகள் பாத்திரத்தில் பெயர் வெட்டுகின்றன. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தவர்களுக்கு எவர்சில்வர் தம்ளரோ கிண்ணமோ கொடுப்பார்கள். அதன் வயிற்றில் இறந்தவர் பெயரும், மறைந்த தேதியும், ‘நினைவாக’ என்ற ஒரு சொல்லும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். பேத்தி அதில் காபி குடித்துக்கொண்டே எழுத்துக்கூட்டி, “இது யாரு பாட்டி?” என்று கேட்பாள். கதை ஆரம்பிக்கும்.

தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் காவிரித் துறையில் பிள்ளைகள் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். வீட்டில் படையல் போட்டு, அம்மாவுக்குப் பிடித்த வாழைக்காயும் அதிரசமும் வைத்து, காக்கைக்கு எடுத்து வைத்தபிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவது. முதல் வருஷத் திதி வரும்போது பெரும்பாலும் ஒரு சங்கடம் வரும். அம்மா வைக்கிற எரிசேரியோ பச்சைமோரோ எப்படி என்று மருமகளுக்குச் சரியாகத் தெரியாது. மகளோ திருப்பூரிலோ துபாயிலோ இருப்பாள். அப்போது கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பார்கள். “அத்தே, எங்கம்மா இதுக்கு மொளகு போடுவாங்களா, மொளகா போடுவாங்களா?”

“மொளகுதான். மொளகா போட்டா உங்கப்பாவுக்கு ஆவாது. இரு, வரேன்.”

வரும்போது அந்த அம்மாள் கையில் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். மூடியைத் திருப்பினால் பெயர் வெட்டியிருக்கும், செத்தவள் பெயர். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் பலகாரம் போட்டுச் சுவருக்கு மேலே நீட்டியது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டிருந்ததில் நாள் ஓடிவிட்டது. இன்றைக்கு அதில் அரைத்த மிளகும் சீரகமும் இருக்கிறது. மகன் வாங்கி, பெயரை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகிறான்.