நமக்கு மங்கல், பவளத்துக்கு உச்சிவெயில்

"டீச்சர், செடிக்கு எந்த நிற வெளிச்சம் நல்லது?"

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்த தொலைபேசி அழைப்பு இந்தக் கேள்வியோடு தொடங்கியது. அழைத்தவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர். இப்போது வெளிநாட்டில், வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள மீன்தொட்டிகளைப் பராமரித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். நானும் யோசிக்காமல், "சிவப்பும் நீலமும்ப்பா. பச்சையத்துக்கு அது ரெண்டுந்தான் பிடிக்கும். பாடத்துல நடத்தினேனே" என்றேன். "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார். எந்தச் செடிக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த அழைப்பு. குரலே சரியில்லை. அவர் கேட்டது செடிக்கு அல்ல, கடல்நீர்த் தொட்டியில் வளரும் பவளத்துக்கு. பவளத்துக்குள் பாசி இருக்கிறது, பாசியும் செடி மாதிரிதானே என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். நான் சொன்னதை நம்பி எல்இடி விளக்கின் சிவப்பைக் கூட்டினார். சில வாரங்களில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. பயந்துபோய்ச் சிவப்பைக் குறைத்து நீலத்துக்கு மாறினார். நீல வெளிச்சத்தில் தொட்டி மங்கலாகத் தெரிந்தது. "வெளிச்சம் பத்தலைன்னு நினைச்சு ஒரே நாள்ல நாற்பதுல இருந்து தொண்ணூறு சதவீதத்துக்கு ஏத்திட்டேன் டீச்சர்." பத்தே நாளில் அக்ரோபோரா பவளம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வாடிக்கையாளர் ஆறு ஆண்டுகள் வளர்த்தது அது. நிறுவனம் அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்தது.

இந்த நஷ்டத்தில் என் பங்கும் இருக்கிறது. அதனால் அதன்பின் தேடிப் படித்தவற்றை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஒளியியல், ஒளிச்சேர்க்கை, கூட்டுயிர் வாழ்க்கை என்று நாம் தனித்தனியாக நடத்தும் மூன்று பாடங்கள் ஒரே தொட்டிக்குள் இருக்கின்றன.

பவளம் ஒரு விலங்கு, குழியுடலி. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. ஆகவே பவளத்துக்கு வெளிச்சம் என்றால் அந்தக் குடித்தனக்காரருக்கு வெளிச்சம் என்றே பொருள். என் மாணவர் அதுவரை சரியாகத்தான் யோசித்திருக்கிறார். நான் மறந்தது, அந்தக் குடித்தனக்காரர் எங்கே வாழப் பழகியவர் என்பதை.

இதை அந்த மாணவரே எனக்கு விளக்கியிருக்க முடியும். அவருடைய அப்பா சங்கு குளிப்பவர். கடலுக்குள் போகப்போகச் சிவப்பு செத்துவிடும் என்று அவர் வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஐந்து பாகம் ஆழத்தில் கை கீறி ரத்தம் வந்தால் அது சிவப்பாகத் தெரியாது. பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடலில் மிக ஆழம் வரை இறங்குவது நீலம்தான், ஏறத்தாழ 450 முதல் 480 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அந்த நீலத்தைப் பிடிக்கவே சூசாந்தெல்லேயில் பச்சையம் ஏ-யுடன் பச்சையம் சி2, பெரிடினின் என்ற நிறமிகளும் உள்ளன. பெரிடினின் நீலத்தையும் நீலப்பச்சையையும் நன்றாக உறிஞ்சும்.

தரைச் செடிக்குச் சிவப்பு உதவுவது உண்மை. சூசாந்தெல்லேயின் பச்சையமும் சிவப்பை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சிவப்பு ஒளி ஸ்டைலோபோரா பிஸ்டிலாட்டா என்ற பவளத்தின் ஒளிச்சேர்க்கை நலத்தைக் குன்றச் செய்வதாகக் கண்டார்கள். அதனால் தொட்டி வளர்ப்பவர்கள் சிவப்பை மிகக் குறைவாக, மீன்களின் நிறம் நம் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் வைக்கிறார்கள். கண்ணாடியில் படர்ந்த பாசிக்கு முழுப் பழியையும் சிவப்பின் மேல் போடவும் முடியாது. மீன்களுக்குப் போட்டு மிஞ்சிய தீனி நீரில் கரைந்து பாசிக்கு உரமாகியிருக்கும்.

சரி, நீலம்தான் நல்லது என்றால் நீலத்தைக் கூட்டியபோது ஏன் வெளுத்தது?

நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. 555 நானோமீட்டர் அளவிலுள்ள மஞ்சள் கலந்த பச்சைக்குத்தான் அது அதிகம் கூசும். அதே ஆற்றலுள்ள 450 நானோமீட்டர் நீலம் நமக்கு அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குப் பிரகாசமாகத்தான் தெரியும். பாசிக்கோ நேர் தலைகீழ். நாம் 'மங்கல்' என்று நினைத்த அறையில் அந்தப் பவளம் உச்சிவெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவர் கைப்பேசி செயலி ஒன்றில் லக்ஸ் அளவும் பார்த்திருக்கிறார். அதுவும் குறைவாகவே காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? லக்ஸ் என்ற அலகே மனிதக் கண்ணின் கூச்சத்தை வைத்து வகுத்தது. கண் தவறினால் அதுவும் கண்ணோடு சேர்ந்து தவறும்.

அளவு பிழைக்கும் இடத்தில் நம் வகுப்பறைப் பாடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு கருவியை மாணவர் கையில் கொடுக்கும்போது அளவிடும் முறையைச் சொல்கிறோம். அது யாருக்காக அளக்கிறது என்று சொல்வதில்லை.

பவளத்துக்கு ஏற்ற அளவு, 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. இதைப் பார் அளவு என்கிறார்கள். (பெயர்தான் பார், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.) வெட்டவெளி நண்பகல் வெயிலில் இது ஏறத்தாழ 2000. தொட்டியில் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். மீட்டரின் உணரியை நீருக்குள் பவளம் இருக்கும் இடத்திலேயே வைத்து அளக்க வேண்டும். விளக்குக்கு நேர் கீழும் தொட்டியின் மூலையும் ஒன்றல்ல.

பவளத் தொட்டி எல்இடி விளக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. 450, 470 நானோமீட்டர் நீலங்கள், 400 முதல் 420 வரையிலான ஊதா, வெள்ளை, கொஞ்சம் பச்சை, சிவப்பு. இதில் வெள்ளை என்பதும் உண்மையில் நீலமே. நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. இரண்டும் கலந்து நமக்கு வெள்ளை. நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. வெள்ளையைக் கூட்டினாலும் நீலமும் கூடவே ஏறும் என்பதை விளக்கைத் தொடுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

மாற்றுவது எப்படி? மெதுவாக. பாசி தன் நிறமிகளைக் கூட்டியோ குறைத்தோ புதிய வெளிச்சத்துக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். புது விளக்கைப் பாதி அளவிலோ அதற்கும் கீழோ தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம்போல ஏற்றுவது வழக்கம். ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் மாற்றினால்தான் எது என்ன செய்தது என்று தெரியும். பவளம் பழுப்பேறினால் வெளிச்சம் குறைவாக இருக்கலாம். நிறம் வெளிறத் தொடங்கினால் அதிகமாக இருக்கலாம். வெளிச்சம் மிஞ்சும்போது பாசிக்குள் தீங்கான ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகின்றன, பவளம் குடித்தனக்காரரை வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சுவது கண்ணாடி போன்ற திசுவும் அதனடியில் தெரியும் வெள்ளைச் சுண்ணாம்பு எலும்புக்கூடும்தான். கடல்நீர் சூடேறும்போதும் இதே வெளுப்பு நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது.

நீல விளக்கின் கீழ் பவளங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சை விளக்கிலிருந்து வரவில்லை. பவளத்திலுள்ள ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கி, ஆற்றல் குறைந்த, அலைநீளம் கூடிய ஒளியாகத் திருப்பித் தருகின்றன. இந்த வகைப் புரதத்தை ஷிமோமுரா 1962-இல் முதலில் ஜெல்லிமீனில் கண்டார். 2008-இல் அவரும் சால்ஃபி, சியென் இருவரும் வேதியியல் நோபல் பெற்றனர். அதே பவளத்தை வெள்ளை விளக்கில் வைத்தால் பல நேரம் பழுப்பாகத்தான் இருக்கும்.

பவளம் இல்லாமலே இதை வகுப்பில் காட்டலாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கித் தெளிய விடுங்கள். அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச்சை அடித்தால் பளீரென்று பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். முருங்கை இலையை ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டிய பச்சைச் சாறு அதே டார்ச்சில் ரத்தச் சிவப்பாகத் தெரியும். எங்கள் எட்டாம் வகுப்பில் இதைப் பார்த்த ஒரு பெண் டார்ச்சைப் பிடுங்கித் தன் நகம், ஐடி கார்டு, சட்டைக் காலர் எல்லாவற்றிலும் அடித்துப் பார்த்தாள். சட்டை நீலமாக ஒளிர்ந்தது. சலவைத்தூள் பற்றிய பேச்சில் அந்தப் பாடவேளையே போய்விட்டது, வருத்தமில்லை. டார்ச்சைக் கண்ணில் அடிக்க விடாதீர்கள். ஸ்பிரிட் அருகில் தீ வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கு நீல, சிவப்பு செல்லோபேன் தாள் போதும். சிவப்புத் தாள் வழியாகப் பச்சை இலையைப் பார்க்கச் சொன்னால் அதுவே ஒரு பாடவேளைக்குப் பேச்சு.

இது பணக்காரர் வீட்டு அலங்காரம்தானே என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் 2012-இல் தொடங்கிய திட்டம் ஒன்றை அவரிடம் சொன்னேன். எல்இடி விளக்குகளால் சூரிய உதயம், அந்தி, நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாவற்றையும் போலவே செய்து, நீரின் வெப்பத்தையும் பருவத்துக்கேற்ப மாற்றி, தொட்டிக்குள்ளேயே பவளங்களைத் திட்டமிட்டு முட்டையிட வைத்தார்கள். அவர்களோடு சேர்ந்து புளோரிடா மீன்காட்சியகம் 2019-இல் அழியும் நிலையிலுள்ள அட்லாண்டிக் தூண் பவளத்தையும் அப்படி முட்டையிடச் செய்தது. நம் கடலின் கடினப் பவளங்களோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. சுற்றுலா போகும் பிள்ளைகள் கரையில் கிடக்கும் துண்டைப் பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

என் மாணவர் ஒரு பார் மீட்டரை வாடகைக்கு எடுத்து அளந்தார். அவர் 'பத்தலை' என்று நினைத்த இடத்தில் 600-க்கு மேல் காட்டியது. இப்போது 35 சதவீதத்தில் தொடங்கி, வாரந்தோறும் ஏற்றும் அளவை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். வெளுத்த அக்ரோபோராவின் அடிப்பகுதியில், விரல்நகம் அளவுக்கு ஓர் ஓரம் மட்டும் பழுப்பாகத் திரும்பியிருக்கிறது. போன வாரம் படம் அனுப்பி, "உயிர் இருக்கு டீச்சர்" என்று எழுதியிருந்தார். படத்தை எடுத்தது எந்த வெளிச்சத்தில் என்று இந்த முறை கேட்டுக்கொண்டேன்.