உங்களுக்குத் தெரியுமா? போர்ட்டில் துண்டு போட்டது யார்?

சாத்தான்குளத்தில் போர்ட் எது என்று கேட்டால் தூத்துக்குடிப் பக்கம் கை காட்டுவார்கள். வ.உ.சி. பெயர் தாங்கிய அந்தத் துறைமுகம் 1974-ல் நாட்டின் 10-வது பெரிய துறைமுகம் ஆனது. உங்கள் கம்ப்யூட்டரிலும் போர்ட்டுகள் உண்டு, நெட்வொர்க்கில் பேச புரோகிராம்கள் பிடித்துக்கொள்ளும் எண்கள்: 0 முதல் 65,535 வரை. போர்ட் எண்ணுக்கு 16 பிட்தான் இடம். அதனால் அதற்கு மேல் எண்ணே கிடையாது.

★

சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் பஸ் நிற்பதற்குள் சீட் பிடிக்க ஜன்னல் வழியே துண்டு விழுமே, போர்ட்டிலும் அதே கதைதான். ஒரு புரோகிராம் பிடித்த எண்ணில் இன்னொன்று உட்காரப் போனால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று தகராறு வரும்.

★

தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் தன் சீட்டைக் கேட்டே வாங்கியது. 1995-ல் அதை எழுதிய பின்லாந்துக்காரர் டாட்டு யிலோனன், எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாகக் கிடந்த 22-ஐ, எண்களை ஒதுக்கும் அமைப்பிடம் மின்னஞ்சலில் கேட்டார். மறுநாளே கிடைத்தது!

★

துண்டு யாருடையது? விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் என்று அடித்து, இடம் விட்டு, சிறுகோடும் ஏ, என், ஓ எழுத்துகளும் சேர்த்து என்டர் தட்டுங்கள். உங்கள் போர்ட் எண் உள்ள வரியின் கடைசியில் வரும் எண் பிஐடி, அதாவது அதைப் பிடித்திருக்கும் புரோகிராமின் அடையாள எண். டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினால் ஆள் அகப்படுவார். தேவையில்லாத ஆள்தான் என்றால் எண்ட் டாஸ்க். லினக்ஸில் இதே வேலைக்கு எஸ்எஸ், மேக்கில் எல்எஸ்ஓஎஃப்.

★

வெப் சர்வர்களின் வழக்கமான சீட்டான 80-ஐப் பிடித்திருக்கும் பிஐடி 4 என்று வந்தால் கை வைக்காதீர்கள், அது விண்டோஸ் சிஸ்டமேதான். பெரும்பாலும் அதன் முதுகுக்குப் பின்னால் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ் இருக்கும். சர்வீசஸில் ‘வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்’ என்பதை நிறுத்தினால் போதும். காலேஜ் பிராஜெக்டுக்கு எக்ஸாம்ப் போட்டு, அதே 80-ஐக் கேட்கும் அதன் வெப் சர்வர் அப்பாச்சி பச்சை காட்டாமல் ராத்திரி முழுக்க விழித்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

★

2021-ல் வந்த மான்டெரி முதல், மேக்கில் போர்ட் 5000-ல் ஏர்பிளே ரிசீவர் உட்கார்ந்திருக்கும். பைத்தானின் வெப் கருவியான ஃபிளாஸ்க்குக்கும் வழக்கமான சீட் அதுதான். விரட்டினாலும் திரும்பி வரும். செட்டிங்ஸில் அணைப்பதே வழி.

★

ஆள் இறங்கியும் துண்டு கிடக்குமா? கிடக்கும். அதற்குப் பெயர் டைம் வெயிட். பழைய இணைப்பின் பாக்கெட் தாமதமாக வந்து புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. லினக்ஸில் 60 விநாடி. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.